கடல் இருந்த மாவட்டம்

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இருந்தது. புவியியல் வகுப்பில் தென்னாற்காடு மாவட்டப் படம் வரைந்து, கிழக்குப் பக்கம் முழுவதும் நீலம் தீட்டுவோம். எங்கள் ஊர் உளுந்தூர்பேட்டைக்கு ஒரு புள்ளி, தலைநகர் கடலூருக்கு ஒரு வட்டம், அதற்கு அப்பால் வங்கக்கடல். 1993-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் விழுப்புரத்தோடு போனோம். மரக்காணம் பக்கம் கொஞ்சம் கரை எங்களுக்கு மிஞ்சியது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அந்தக் கரையும் கணக்கிலிருந்து போயிற்று. இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாவட்டப் படம் வரைந்தால் மேற்கே கல்வராயன் மலைக்குப் பச்சை வேண்டும். கிழக்கே நீலத்துக்கு வேலையில்லை.

படத்தில் கடல் விலகிப்போன இதே ஆண்டுகளில்தான் அது எங்களுக்கு நெருங்கியும் வந்தது. புதுச்சேரி எங்களுக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர். விடியற்காலையில் காரை எடுத்தால் காலைப் பலகாரத்துக்கு முன் கடற்கரையில் நிற்கலாம். நிற்பது மட்டுமல்ல, படகேறிப் போய்க் கடலின் அடிக்கே இறங்கலாம். ஆழ்கடல் முக்குளிப்பு இன்று சுற்றுலா விளம்பரப் பலகையில் உள்ள ஒரு விடுமுறைப் பொழுதுபோக்கு. எங்கள் தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த மாற்றத்தோடு எங்கள் மேல் வந்து சேர்ந்திருக்கும் பொறுப்பையும் சொல்ல வேண்டும்.

அந்த நாளில் கடலுக்குப் போவது என்றால் மாசி மகத்துக்குப் போவது. சுற்றுவட்டாரச் சாமிகள் தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். நாங்களும் புளிசாதத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறுவோம். பண்ருட்டியைச் சுற்றி முந்திரி பூத்திருக்கும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கடலூர் வந்ததும் காற்றில் உப்பு தெரியும். ஆயா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். “இதுக்கு மேல போவாத கண்ணு, அது இழுத்துக்கும்” என்பார். மூன்று முழுக்கு, தலையில் கொஞ்சம் மண், சாமிக்குக் கற்பூரம். பிறகு கரையேறிவிடுவோம். கடல் என்பது பயபக்தியோடு ஓரமாக நின்று கும்பிட வேண்டிய ஒன்று. அதற்கு ஓர் உள்ளே இருக்கிறது, அங்கே போய் வரலாம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

கடல்வாழ் உயிர்களை நாங்கள் அறிந்த இடம் புதன்கிழமைச் சந்தை. கருவாட்டுக்காரம்மாவின் சாக்கு விரிப்புதான் எங்களுக்கு மீன் காட்சியகம். நெத்திலி, காரப்பொடி, வாளை, சென்னாகூனி, துண்டு போட்ட சுறா, பாயாகக் காய்ந்த திருக்கை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு, மழைக்காலத்தில் திருக்கைக் குழம்பு என்று ஒவ்வொன்றுக்கும் எங்கள் அடுப்பங்கரையில் ஓர் இடம் உண்டு. ஆனால் திருக்கை உயிரோடு எப்படி நகரும் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. கண்ணுக்கு எட்டிய மீன் எல்லாம் உப்புக் கண்டம்தான்.

கடல் இல்லையே தவிர எங்களுக்குத் தண்ணீர் இருந்தது. மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே கல் கட்டிய கிணறுகள், அவற்றில் முப்பது அடிக்குக் குறையாத தண்ணீர். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி அண்ணன்மார் எங்களைத் தள்ளிவிடுவார்கள். நீந்தத் தெரிந்ததும் அடுத்த படி, அடிமண் எடுப்பது. மூச்சைப் பிடித்துத் தலைகீழாக இறங்கி, அடியிலிருந்து ஒரு பிடி சேறு எடுத்து வந்து காட்ட வேண்டும். பாதி வழியில் காது குடையும். மூக்கைப் பிடித்து உள்ளுக்குள் ஊதினால் வலி விட்டுவிடும் என்பதைப் பெரிய பையன்கள் சொல்லிக்கொடுப்பார்கள். உலகமெங்கும் முக்குளிப்புப் பயிற்சியில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. அழுத்தத்தைப் பற்றி எதுவும் படிக்காத பிள்ளைகள் எங்கள் கிணறுகளில் அதைப் பழகியிருந்தார்கள்.

தமிழ்க் கடலுக்குள் இறங்கும் வித்தை அன்று தெற்கே இருந்தது. தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களும் கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர்களும் காலில் கல்லைக் கட்டி, ஒரே மூச்சில் ஆழத்துக்குப் போய் வந்தவர்கள். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கொற்கைக் காலத்திலிருந்து வந்த அந்தத் தொழில் நின்றபோது, மேலை நாடுகளில் காற்றுருளையோடு கடலுக்குள் போவது பரவிக்கொண்டிருந்தது. பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் 1943-இல் உருவாக்கிய கருவிதான் அதற்கு வழி திறந்தது. கேட்டபோது கேட்ட அளவுக்கு, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கும் ஒரு வால்வு அது. அதன் தத்துவம் இன்றும் மாறவில்லை.

புதுச்சேரிக்கு முதலில் போனபோது காந்தி சிலைக்கு முன்னால் மணல் இருந்தது. அதில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கிறோம். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. எங்கள் கரையோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்கே போகும், வாடையில் தெற்கே வரும். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அரித்தது. நகரக் கடற்கரை முழுவதும் கருங்கல் குவியலாயிற்று. எங்களுக்குப் பின் வந்த ஒரு தலைமுறை, கடற்கரை என்றால் பாறைமேல் உட்காருவது என்று எண்ணி வளர்ந்தது. பாண்டிகேன் என்ற மக்கள் அமைப்பு இதைப் பல்லாண்டு பேசியது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகுத் தடுப்பு ஒன்றை மூழ்கவைத்தது. 2018-க்குப் பிறகு அந்தப் பகுதியில் மணல் திரும்பிவந்து சேர்ந்தது. அங்கே இன்று பிள்ளைகள் மறுபடியும் மணல்வீடு கட்டுகிறார்கள். கெடுத்ததைத் திருத்த முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எங்கள் பக்கத்தில் இல்லை.

நான் முக்குளிக்கப் போனது ஒரு மாசிக் காலை. புதுச்சேரிக் கடலில் இறங்க உகந்த பருவங்களில் அது ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காற்று அடங்கி, கடல் தெளியத் தொடங்கும் நேரம். முதல் நாளே நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்துவிட்டார்கள். இழுப்பு நோய், இதயக் கோளாறு, காதுச் சிக்கல் உண்டா என்று எழுதி வாங்கினார்கள். உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்று. அதை 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். கட்டைவிரலை உயர்த்தினால் நன்றாக இருக்கிறேன் என்று பொருளல்ல, மேலே போகலாம் என்று பொருள். எல்லா விதிகளிலும் முதன்மையானது, எந்த நேரத்திலும் மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நிரம்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை அடக்குவதுதான் திறமை என்று கிணற்றில் பழகிய உடம்புக்கு இது புதுப் பழக்கம்.

வழிகாட்டியாக வந்த தம்பி மீனவக் குப்பத்துப் பையன். தாத்தாவும் அப்பாவும் கட்டுமரத்தில் போனவர்கள். கடலடியில் பாறை இருக்கும் இடத்தை அவர்கள் ‘பார்’ என்பார்கள். கரையில் தெரியும் கோபுரம், கலங்கரை விளக்கம், பனைமரம் இவற்றில் இரண்டிரண்டை நேர்கோட்டில் வைத்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் பார் இருப்பதைக் கண்டுகொள்வார்கள். மரக்கிளையையும் பனையோலையையும் கல்லோடு கட்டிக் கடலில் இறக்கி மீனை வரவழைக்கும் பழக்கமும் அவர்களுக்கு உண்டு. நாங்கள் போன இடம் அந்த யோசனையின் இன்றைய வடிவம். டெம்பிள் ரீஃப் என்று பெயர். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில், பழைய பொருள்களைக் கொண்டு கட்டி இறக்கிய செயற்கைப் பார். மணல் வெளியில் கெட்டியான ஒரு பரப்பு கிடைத்ததும் பாசியும் கொட்டலசும் சிப்பியும் ஒட்டுகின்றன. அவற்றை மேயச் சிறு மீன் வருகிறது, சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வருகிறது.

போகும் வழியில் பங்குனி ஆமை ஒன்று தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு மறைந்தது. தை முதல் பங்குனிவரை அவை எங்கள் கரைகளில் முட்டையிட வரும் காலம். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் பச்சை நிறம். ஐந்து மீட்டர் தாண்டியதும் தம்பியின் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு பழுப்பாகிவிட்டது. நீர் முதலில் குடித்துவிடுவது சிவப்பு ஒளியை. இன்னும் கீழே போனதும் பார் தெரிந்தது. சங்கரா மீன்கள் கூட்டமாக ஒரே பக்கம் முகம் வைத்து நின்றன. அதற்கு மேலே சீலாக்கள் ஒரு வளையமாகச் சுற்றின. ஓட்டைக்குள்ளிருந்து அஞ்சாலை ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. மிரட்டவில்லை, மூச்சுவிட்டது. களவா ஒன்று அசையாமல் எங்களைப் பார்த்தது. சிங்கமீன் தன் நச்சு முட்களை விரித்துக்கொண்டு யாருக்கும் வழிவிடாமல் போனது.

அடியில் மணல் ஓரிடத்தில் அசைந்தது. அசைந்த மணல் உதிர, அதற்குள்ளிருந்து ஒரு திருக்கை எழுந்தது. இரண்டு பக்கச் செட்டைகளும் அலை அலையாக மடிந்து விரிய, ஒரு சத்தமும் இல்லாமல் அது பறந்து போயிற்று. சந்தையில் எடைபோட்டு வாங்கிய அந்தப் பண்டத்துக்கு இப்படி ஓர் உயிர் இருந்ததா என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதை உண்பது தவறென்று நான் சொல்லவில்லை. மீனவரின் பிழைப்பு அது. உயிரோடு ஒரு முறை பார்த்துவிட்டால், அது வாழும் இடத்தின் மேல் அக்கறை வந்துவிடுகிறது. அதற்காகவே நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கடலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கொடுத்து, மேலே வந்தோம். படகில் ஏறியதும், தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது என்றேன்.

“போன மாசம் வந்திருந்தா இவ்ளோ தெரிஞ்சிருக்காதுண்ணா. ஆத்துத் தண்ணி வந்து கலக்கிடும். தெளியறதுக்கு நாளாவும்.”

“எந்த ஆறுப்பா?”

“பெண்ணையாறு, கெடிலம், சங்கராபரணி எல்லாந்தான். உங்க பக்கத்துலேர்ந்து வர்றதுதானே?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கெடிலம் எங்கள் மாவட்டத்தில் பிறந்து, எங்கள் வட்டத்தைக் கடந்து, திருவதிகை வழியாகக் கடலூரில் கடல் சேர்கிறது. தென்பெண்ணை திருக்கோவிலூரைத் தொட்டுக்கொண்டு அதற்குச் சற்று வடக்கே கலக்கிறது. கல்வராயனில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் விருத்தாசலம் வழியாக வெள்ளாற்றை அடைந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் போகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் நிற்பது அந்த முகத்துவாரத்தில்தான். மழைக்காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும்; கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீர்கூட அதில் வந்து சேரும். மாசியில் அது திசை திரும்பும். ஒரு நாள் கடலடியில் இருபது மீட்டர் தெரிவதும், இன்னொரு நாள் நீட்டிய கை மங்குவதும் இந்த நதிகளின் கணக்கு.

ஆறு கலக்குவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். மன்னார் வளைகுடாவில் இருப்பதுபோலப் புதுச்சேரியில் பவளத் திட்டுகள் விரியாததற்கு இந்த வண்டலும் நன்னீரும் ஒரு காரணம். ஆனால் அதே வண்டல்தான் மிதவை உயிர்களுக்கு உணவு, அவைதான் நெத்திலிக்கு உணவு, நெத்திலிதான் சீலாவுக்கு உணவு. பச்சை நிறத் தண்ணீர் பசியாற்றும் தண்ணீர். கரையின் மணலும் மலையிலிருந்து நதி உருட்டி வந்ததுதான். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அணைகளும் மணல் குவாரிகளும் மணலை வழியிலேயே நிறுத்திவிடுகின்றன. மணலுக்குப் பதிலாக நாம் நெகிழிப் பையையும் பூச்சிமருந்துப் புட்டியையும் அனுப்புகிறோம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை இரு கரையும் புரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பாலங்களின் தூண்களில் சுற்றிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். சாக்குகள், பைகள், துணிகள், தெர்மோகோல். தூணில் மாட்டியது கொஞ்சம்; மற்றதெல்லாம் கடலுக்குப் போயிற்று. முக்குளிப்புப் பயிற்சியாளர்கள் கடலடியில் இறங்கிக் குப்பை பொறுக்குகிறார்கள், அறுந்த வலைகளை வெட்டி எடுக்கிறார்கள். கரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி நாம் போட்டதை அவர்கள் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் போய் எடுக்கிறார்கள்.

கடலில் உழைப்பவர்கள் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, மீன் இனம் பெருகட்டும் என்று. அந்த இரண்டு மாத வருமான இழப்பை மீனவக் குடும்பங்கள் ஆண்டுதோறும் சுமக்கின்றன. உள்நாட்டில் இருக்கும் நமக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. அதனால்தான் நாமாக ஒன்றை ஏற்க வேண்டும்.

என் ஆசைகள் பெரியவை அல்ல. எங்கள் ஊர்க் கிணறுகள் பல தூர்ந்துவிட்டன. ஆழ்துளைக் குழாய்கள் நீர்மட்டத்தை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டன. நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்து நிற்கிறது. கோடை விடுமுறையில் ஏரியில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தியைப் படிக்காத ஆண்டே இல்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் பாதுகாப்பான ஒரு நீச்சல் குளமும் சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும். பள்ளிச் சுற்றுலாவைக் கேளிக்கைப் பூங்காவோடு நிறுத்தாமல், ஒரு நாளில் கெடிலத்தின் கரையில் தொடங்கி, தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் அது கடல் சேரும் இடம்வரை பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும். ஆறு எதைக் கொண்டுபோகிறது என்பதை அவர்கள் தம் கண்ணால் பார்ப்பார்கள்.

மிச்சம் பெரியவர்களின் வேலை. வாய்க்கால் ஓரத்திலும் பாலத்தடியிலும் குப்பை கொட்டுவதைப் பேரூர்களும் ஊராட்சிகளும் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே குவிந்து கிடப்பதைப் புரட்டாசிக்குள் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். ஐப்பசியில் முதல் கனமழை விழுந்துவிட்டால் பிறகு அது நம் கையில் இல்லை. இரண்டே நாளில் கடலுக்குப் போய்விடும்.